கத்தி படாமல் காப்பாற்றப்பட்ட கண்கள்: நாய்களின் கண்காய வைத்தியம் பற்றி ஒரு சிறு வரலாறு

நாய்க்குக் கண்ணில் காயம் பட்டால் என்ன செய்யிறது எண்டு கேட்டால், எங்கட ஊர்களில் அநேகமா இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "விடு, அது தானா ஆறிடும்." மற்றது, "இனி அந்தக் கண் சரிவராது." முதலாவது பதிலைச் சொல்லி நாலைந்து நாள் போன பிறகுதான் பெரும்பாலும் இரண்டாவது பதில் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குச் சத்திரசிகிச்சையே தேவையில்லை.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். மருந்து சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை, இது வைத்தியக் குறிப்பும் இல்லை. வரலாறு படிக்கிற ஆக்களா எங்களுக்கு வந்த கேள்வி வேறு. ஒரு காலத்தில் இழந்தே தீரவேண்டியிருந்த கண்களை, வெட்டாமல் தைக்காமல் காப்பாற்றலாம் என்ற நிலை எப்படி வந்தது? கத்தியின் இடத்துக்கு எது வந்தது? மருந்து வந்தது எண்டு சொன்னால் அது பாதிப் பதில்தான். மற்றப் பாதியைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்தக் காயம்?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற படலத்தை விழிவெண்படலம் எண்டு பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கண்தானம் எண்டு நாங்கள் கேள்விப்படுவதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலக நாடுகளுக்கு அனுப்பிவந்ததும் இந்தப் படலத்தைத்தான்.

நாயின் விழிவெண்படலம் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதற்குள் இரத்தக்குழாய் கிடையாது, அதனால்தான் ஒளி ஊடுருவுகிறது. ஆனால் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு கீறல் பட்டாலே நாய் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முன்காலால் தேய்க்கத் தொடங்குவது அந்த நோவினால்தான். பூனையின் நகம், பற்றை முள், மோட்டார் சைக்கிள், எறிந்த கல் என்று காயத்துக்குக் காரணங்கள் பல. மேலோட்டமான கீறல் தொற்று இல்லாமல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். "தானா ஆறிடும்" என்ற பதில் முழுப்பொய் இல்லை என்பது இதனால்தான். சிக்கல் என்னவென்றால், எது ஆறும் கீறல், எது ஆழமாகப் போய்க் கண்ணையே உடைக்கும் புண் என்பது வெறும் கண்ணால் பார்ப்பவருக்குத் தெரியாது.

செலண்டைன் சாறும் மிளகுத் தூளும்

நாய்களின் நோய்களை அக்கறையோடு எழுதிவைத்த பழைய ஐரோப்பிய நூல்கள் வேட்டை நூல்கள். தென் பிரான்சின் ஃபுவா பகுதியை ஆண்ட கோமகன் மூன்றாம் கஸ்தோன், ஃபேபுஸ் என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர். 1387இல் அவர் வேட்டை பற்றிய ஒரு பெரிய நூலை எழுதத் தொடங்கினார். அதில் பெரும்பகுதியை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் யோர்க் கோமகன் எட்வேர்ட். 1415இல் அஜின்கோர்ட் போரில் இறந்தவர் இவர்தான்.

அந்த ஆங்கில நூலில் வேட்டை நாய்களின் கண்ணில் படரும் ஒரு படலத்துக்கு வைத்தியம் சொல்லப்படுகிறது. சிலர் எல்ம் மரத்தின் இலையையும் பட்டையையும் கொலர் மாதிரி நாயின் கழுத்தில் கட்டுவார்களாம். அது காயக் காயக் கண்ணில் இருக்கிற படலமும் போய்விடும் என்று நம்பிக்கை. இதால் பெரிய பிரயோசனம் இல்லை என்று நூலே சொல்லிவிடுகிறது. பிறகு தன்னுடைய சரியான வைத்தியத்தைத் தருகிறது: செலண்டைன் செடியின் சாறு, இஞ்சித் தூள், மிளகுத் தூள். இவற்றைக் கலந்து நாளுக்கு மூன்று தரம், ஒன்பது நாள் கண்ணில் விடவேணும். படலம் பழசாகி இறுகியிருந்தால் மட்டும், வளைத்த ஊசியால் அதைத் தூக்கிச் சவரக்கத்தியால் வெட்டச் சொல்கிறது. அதாவது கத்தி அப்போதே இருந்தது, ஆனால் கடைசி வழியாக.

ஏன் செலண்டைன்? அந்தப் பெயர் கிரேக்க மொழியில் தகைவிலான் குருவியின் பெயரிலிருந்து வந்தது. அந்தப் பறவை தன் குஞ்சுகளுக்கு இந்தச் செடியால் பார்வையைத் திருப்பிக் கொடுக்கும் என்று உரோமரான பிளினி எழுதிவைத்திருந்தார். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்குப் பிறகும் அந்த நம்பிக்கை நாய்க் கூடங்களில் வேலை செய்தது. உண்மையில் செலண்டைனின் மஞ்சள் பால் தோலையே எரிக்கக்கூடியது. அதோட மிளகும் சேர்ந்தால் அந்த நாய் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கோ.

ஆனால் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதே குறிப்பில் இன்னொரு வரி இருக்கிறது. நாய் கண்ணைப் பிறாண்டவோ தேய்க்கவோ விடக்கூடாது என்கிறது அது. இன்றைக்கும் கண்காயத்தோடு வரும் நாய்க்கு மிருக வைத்தியர் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிடுவதும் இதற்காகத்தான். அறுநூறு வருசத்தில் சாறு போய்விட்டது, மிளகு போய்விட்டது, அந்த ஒரு வரி மட்டும் நிலைத்துவிட்டது.

இன்னொன்று. இந்த நூல் நாய்க்கூடத்தில் இரவும் ஒரு பையன் நாய்களோடு இருக்கவேண்டும் என்று சொல்கிறது. ஒன்பது நாள், நாளுக்கு மூன்று தரம் மருந்து விடுவது கோமகன் இல்லை, அந்தப் பையன்மார்தான். இதை நினைவில் வைத்திருங்கோ, கடைசியில் தேவைப்படும்.

ஒரு துளி மரத்துப்போதல்

1762இல் பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜலாவின் மிருக வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதலாவது அது. ஆனால் அந்தக் காலத்து மிருக வைத்தியத்தின் கவனம் குதிரையிலும் மாட்டிலும்தான் இருந்தது. குதிரை இல்லாமல் படை இல்லை, மாடு இல்லாமல் உழவு இல்லை. நாய் வரிசையின் கடைசியில் நின்றது.

அடுத்த பெரிய மாற்றம் மனிதக் கண் வைத்தியத்திலிருந்து வந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் டொக்டர், கொக்கெயின் கரைசல் ஒரு துளி விட்டால் கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். முதலில் தவளையின் கண், பிறகு முயல், பிறகு நாய், அதன் பிறகுதான் தன்னுடைய கண். அந்த ஆண்டு செப்ரெம்பரில் ஹைடல்பேர்க்கில் நடந்த கண் வைத்தியர்களின் கூட்டத்துக்குப் போக அவரிடம் காசு இல்லை. கட்டுரையை இன்னொருவர்தான் வாசித்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கோ. தவளை, முயல், நாய், மனிதன். மருந்தைத் தாங்கிக் காட்டியது நாய், முதலில் பயனடைந்தது மனிதன். நாய் வைத்தியத்துக்கு அந்தப் பயன் பிறகுதான் திரும்பி வந்தது. இன்றைக்கு மிருக வைத்தியர் நாயின் கண்ணில் ஒரு துளி விட்டு, அது அமைதியான பிறகு இமையைத் தூக்கிப் பார்க்கிறாரே, அது கொல்லர் திறந்த வழி. கொக்கெயின் இப்போது இல்லை, அதன் இடத்தில் பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்த மருந்துகளைப் பரிசோதனைக்கும் வைத்தியர் செய்யும் சிறு சிகிச்சைக்கும் மட்டும்தான் பாவிக்கலாம். நோவு குறையட்டும் எண்டு வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாது.

பச்சையாகத் தெரியும் புண்

1871இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் அடொல்ஃப் ஃபொன் பேயர் ஃபுளோரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். 1880களில் அது கண்ணுக்கு வந்தது. விழிவெண்படலத்தின் மேல்தோல் முழுசாக இருந்தால் சாயம் ஒட்டாது, கழுவினால் போய்விடும். தோல் உரிந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நீல வெளிச்சத்தில் அந்த இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியும்.

வெட்டாமல் வைத்தியம் செய்யவேணும் எண்டால் முதலில் வெட்டாமல் பார்க்கத் தெரியவேணும். அந்தப் பார்வையைத் தந்தது இந்தச் சாயம். புண் இன்று எவ்வளவு பெரிசு, நாளைக்குச் சுருங்கியிருக்கிறதா என்று நாளுக்கு நாள் அளக்க முடிந்தது.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருந்தது. போத்தலில் கரைத்துவைத்த சாயத்துக்குள் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா வடிவா வளரும். புண்ணைக் காட்ட விட்ட துளியே புண்ணுக்குள் கிருமியைக் கொண்டுபோனது. 1951இல் கிமுரா என்ற கண் வைத்தியர் சாயத்தைத் தாளில் உலரவைத்துப் பாவிக்கும் முறையைச் சொன்னார். நாயின் கண்ணில் மிருக வைத்தியர் தொட்டு எடுக்கும் அந்தச் செம்மஞ்சள் நிறத் தாள்துண்டு அதன் வாரிசு.

இரண்டு அதிசய மருந்துகள்

பென்சிலின் எண்டால் ஃபிளெமிங், 1928 என்று எல்லாருக்கும் தெரியும். பென்சிலினால் குணமானதாகப் பதிவில் இருக்கும் முதல் நோயாளர்கள் கண் நோயாளர்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1930இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செசில் ஜோர்ஜ் பெய்ன் என்ற டொக்டர், தானே வளர்த்த பூஞ்சணத்தின் வடிநீரைக் கண்தொற்று இருந்த பச்சிளங்குழந்தைகளுக்குப் பாவித்தார். நிலக்கரிச் சுரங்க அதிகாரி ஒருவருக்கும் பாவித்தார். அந்த அதிகாரியின் கண்ணில் கல் துணுக்கு ஏறித் தொற்றும் பிடித்திருந்தது. தொற்று அடங்கியது, துணுக்கை எடுக்க முடிந்தது, பார்வை மிஞ்சியது. பெய்ன் இதைப் பிரசுரிக்கவே இல்லை. நுண்ணுயிர்க்கொல்லிகள் பரவலான பிறகு, மனிதக் கண்ணுக்குக் கிடைத்த அதே வாய்ப்பு நாயின் கண்ணுக்கும் கிடைத்தது.

மற்ற அதிசயம் கோட்டிசோன். மூட்டுவாத நோயாளர்களிடம் அது காட்டிய வேகமான பலனை 1949இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்து ஹென்சும் கெண்டலும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. சீக்கிரமே அது கண் துளியாகவும் வந்தது. சிவந்த கண்ணில் விட்டால் சிவப்பு மளமளவென்று மறையும். பார்க்கிறவருக்கு அது குணமானது போலத் தெரியும். ஆனால் விழிவெண்படலத்தில் புண் இருக்கும்போது இந்த வகை ஸ்ரீரொய்ட் மருந்து, ஆறுவதைத் தாமதமாக்கி, தொற்றை வளரவிட்டு, புண்ணை ஆழமாக்கும்.

இந்த இடம் எங்களுக்குக் கிட்டிய இடம். அம்மம்மாவுக்குக் கண்புரை ஒபரேஷன் செய்த பிறகு தந்த துளிமருந்துப் போத்தல் பல வீடுகளில் அலுமாரியில் இருக்கும். அதில் ஸ்ரீரொய்ட் இருப்பது வழமை. "கண் மருந்துதானே" எண்டு அதை நாயின் காயத்தில் விடுவதும் நடக்கிறது. செலண்டைனும் மிளகும் விட்ட கைக்கும் இந்தக் கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அன்பு இருக்கிறது. புண்ணுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்விதான் இரண்டிலும் இல்லை.

வாற்பேத்தையின் வால் சொன்ன செய்தி

அந்தக் கேள்விக்குப் பதில் எதிர்பாராத ஒரு இடத்திலிருந்து வந்தது. வாற்பேத்தை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? அறுந்து விழுவதில்லை, உடலுக்குள்ளேயே கரைந்துபோகிறது. 1962இல் ஜெரோம் குரோஸ், சார்ல்ஸ் லப்பியேர் இருவரும் அந்த வாலைக் கரைக்கும் நொதியத்தைக் கண்டுபிடித்தார்கள். உடலைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரை அது வெட்டுகிறது. அதனால் கொலாஜனேஸ் என்று பெயர்.

விழிவெண்படலத்தின் பெரும்பகுதி கொலாஜன்தான். சில நாய்களின் கண்புண் ஒன்றிரண்டு நாட்களில் கூழாகி உருகி வழிவதற்குக் காரணம் இதைப் போன்ற நொதியங்கள் என்று பிறகு விளங்கியது. சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாவும் அவற்றைச் சுரக்கும், அதை எதிர்க்க வந்த வெண்குருதிக் கலங்களும் சுரக்கும். ஆகவே கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, நொதியத்தையும் நிறுத்தவேணும்.

நிறுத்தும் பொருள் அதே நாயின் உடம்பிலேயே இருந்தது. இரத்தத்தை எடுத்து உறையவிட்டுச் சுழற்றினால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கும். அதுதான் சீரம். அதிலுள்ள ஒரு பெரிய புரதம் இந்த நொதியங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மிருக வைத்தியர்கள் அந்தச் சீரத்தையே கண் துளியாக்கி, நுண்ணுயிர்க்கொல்லித் துளிகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கத் தேவையில்லாத மருந்து. ஆனால் கிருமி படாமல் தயாரிக்கவேணும், குளிரில் வைக்கவேணும், அடிக்கடி புதுசாக எடுக்கவேணும். எல்லாத்துக்கும் மேலே, தொடக்கத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விடவேணும். இரவிலும்தான்.

பஞ்சும் வெளிச்சமும்

1965இல் ரொபேர்ட்ஸ் என்ற மிருகக் கண் வைத்தியர் பொக்ஸர் இன நாய்களில் வரும் ஒரு பிடிவாதமான புண்ணைப் பற்றி எழுதினார். தொற்று இல்லை, ஆழமும் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் ஆறாது. புதுத்தோல் வளரும், அடியில் ஒட்டாமல் கழன்றுவிடும். இதற்கு வைத்தியம் கேட்டால் நம்பமாட்டீர்கள். கண்ணை மரக்கவைத்து, கிருமிநீக்கிய பஞ்சுக்குச்சியால் அந்த ஒட்டாத தோலை மெதுவாகத் துடைத்து எடுப்பது. தடையை எடுத்துவிட்டால் கண் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. பஞ்சு போதாத கண்களுக்கு ஊசிநுனியால் மெல்லிய கீறல்கள் போடுவார்கள், அல்லது நுண்ணிய வைரத் துரப்பணத்தால் உரசுவார்கள். அநேகமான நாய்களுக்கு இதையெல்லாம் மயக்கமருந்து இல்லாமலே செய்துவிடலாம். ஆனால் இது அந்தவகைப் புண்ணுக்கு மட்டும்தான். ஆழமான புண்ணிலோ தொற்றுள்ள புண்ணிலோ இதைச் செய்தால் கண் போய்விடும்.

அதே 1965இல் வில்லியம் மக்ரேனின் நாய்க்கண் வைத்தியப் பாடநூல் வந்தது. 1970இல் அமெரிக்காவில் மிருகக் கண் வைத்தியர்களுக்கெனத் தனி நிறுவனமே உருவானது. வரிசையின் கடைசியில் நின்ற நாயின் கண்ணுக்குத் தனித் துறை வர லியோன் பாடசாலையிலிருந்து இருநூறு வருசம் எடுத்தது.

பிறகு வெளிச்சம். 2003இல் ஜேர்மனியின் டிரெஸ்டனில் வொலன்சாக், ஸ்பொயர்ல், சைலர் ஆகியோர் மனிதர்களில் விழிவெண்படலம் மெலிந்து கூம்பாகும் நோய்க்கு ஒரு முறையைப் பிரசுரித்தார்கள். விற்றமின் பி2ஐத் துளியாக விட்டு, அதன்மேல் கழியூதாக் கதிரை அரை மணித்தியாலம் பாய்ச்சுவது. கொலாஜன் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். அப்படி இறுகினால் நொதியங்களால் அதை லேசில் கரைக்க ஏலாது. அடுத்த பத்தாண்டில் சூரிச்சிலும் வேறு இடங்களிலும் உருகும் புண்ணுள்ள நாய்கள், பூனைகளுக்கு இதைப் பாவித்துப் பார்த்தார்கள். பல கண்களில் உருகுவது நின்றது.

கத்தியின் இடத்துக்கு வந்தது எது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேணும். எல்லாக் கண்ணையும் கத்தி இல்லாமல் காப்பாற்ற ஏலாது. கண் துளைத்துப் போனால், முள் உள்ளே நின்றால், அடிபட்டு விழியே குழியை விட்டு வெளியே வந்தால், மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை வேணும். பார்வை போன, நோ தீராத கண்ணை எடுத்துவிடுவது சிலநேரம் அந்த நாய்க்குச் செய்யும் பெரிய நன்மை. "ஒபரேஷன் வேண்டாம்" என்பது கொள்கையாக இருக்க முடியாது. எந்தக் காயத்துக்கு வேண்டாம் என்று ஆராய்ந்து சொல்லத் தெரிந்ததுதான் இந்த வரலாற்றின் வெற்றி.

இனி அந்த மற்றப் பாதிப் பதிலுக்கு வருவோம். கத்தியின் இடத்துக்கு வந்தது மருந்து மட்டும் இல்லை, நேரமும்தான். சத்திரசிகிச்சை என்றால் ஒரு டொக்டர், ஒரு மேசை, ஒரு மணித்தியாலம். துளிமருந்து என்றால் மணிக்கொரு தரம் நாயின் தலையைப் பிடிக்க ஒரு ஆள், இமையைத் தூக்க இன்னொரு ஆள், இப்படி எத்தனையோ நாள். கோமகனின் நாய்க்குக் கூடத்திலேயே படுக்கும் பையன்மார் இருந்தார்கள். வீட்டு நாய்க்கு வீட்டார் இருக்கிறார்கள். தெருநாய்க்கும், எங்கட வளாகங்களில் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமாகத் திரியும் நாய்களுக்கும் யார் இருக்கிறார்கள்?

நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கப்படுகிறது, மருந்தும் இருக்கிறது. அந்த நாய்கள் கண்ணை இழப்பது பெரும்பாலும் மருந்து இல்லாததால் இல்லை, முறை போட்டுத் துளி விட ஆள் இல்லாததால். இது வைத்தியப் பிரச்சினை எண்டு நாங்கள் தள்ளிவைக்கிற விசயம், உண்மையில் ஒரு கூட்டு வேலை பற்றிய பிரச்சினை. சோறு போட முறை வைத்திருக்கிற விடுதி மாணவர்களுக்குத் துளிமருந்துக்கும் முறை வைக்க ஏலும்.

ஆகவே கண்ணை இறுக்கி மூடியபடி ஒரு நாயைக் கண்டால், அலுமாரிப் போத்தலைத் தேடவேண்டாம். தேய்க்கவிடாமல் பார்த்துக்கொண்டு, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கோ. அவர் துளிமருந்து எழுதித் தந்தால், வளாகத்துக்குத் திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, நேரத்தையும் ஆட்களின் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கோ. இரவு இரண்டு மணிக்கு எதிரேயும் ஒரு பெயர் இருக்கவேணும்.